பூஜையில் வைத்த ரிமோட்

எனக்கு நடந்த பிரிவு உபசாரக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் என் கைகளைப் பற்றியே பேசினார்கள். "வசந்தாம்மா கையில மந்திரம் இருக்கு" என்றார் ஒருவர். "அவங்க தொட்டா கண்ணாடி பேசும்" என்றார் இன்னொருவர். என் கையில் இருந்தது கண்ணாடியை மெருகேற்றுகிற சீரியம் பொடி. சோப்புப் போட்டால் போய்விடும். மந்திரம் இருந்திருந்தால், கழுத்து எலும்பு தேய்ந்து, குனிந்து நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி, ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்காது.

இதை அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாம். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அதுகூடப் பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். அதனால்தான் எழுதுகிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். நடை பெரிதாக இருக்காது. லென்ஸும் ஆடியும் செய்யும் நம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் படித்தால் போதும். படிக்காவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டறைக்கு விருந்தினர் யார் வந்தாலும் முதலாளி ஒரு தலைமுடியைப் பிடுங்கிக் காட்டுவார். "இந்த முடியோட தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்கு தப்பு இருந்தாக்கூட எங்க கண்ணாடி வெளியில போகாது" என்பார். அவருக்குத் தலையில் முடி இல்லை. ஆகவே பக்கத்தில் நிற்கும் மாஸ்டர் தலையிலிருந்துதான் பிடுங்குவார். விருந்தினர்கள் அதிக அளவில் வந்த வருடத்தில் மாஸ்டருக்கு ஒரு பக்கம் வழுக்கை தெரிய ஆரம்பித்துவிட்டது. முடிக் கணக்கு சரிதான். அதைச் சொல்வது சுலபம், பிடிப்பதுதான் கஷ்டம். சொல்கிறவர்கள் யாரும் பிடிப்பதில்லை.

நம் பட்டறையில் இரண்டு கட்சி உண்டு. நீங்கள் சேர்ந்த அன்றே உங்களை ஏதாவது ஒன்றில் இழுத்திருப்பார்கள். ஒன்று கட்டைவிரல் கட்சி. இன்னொன்று திரைக் கட்சி.

கட்டைவிரல் கட்சிக்குத் தலைவர் மாஸ்டர். நான் வேலைக்கு வந்த காலத்தில் தார் மாதிரியான கீலை ஊற்றிய தட்டின் மேல் கண்ணாடியை வைத்துக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்திலிருந்து இருப்பவர். கண்ணாடியைக் கட்டைவிரலால் தடவி "இங்க மேடு இருக்கு" என்று சொல்வார். அளந்து பார்த்தால் அங்கே மேடு இருக்கும். எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். விஷயம் என்னவென்றால், விரல் வைத்த இடம் சூடாகும். சூடான இடம் உப்பும். உப்பிய இடம் அளக்கிற கருவியில் மேடாகத் தெரியும். அவர் மேட்டைக் கண்டுபிடிக்கவில்லை, உண்டாக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் விட்டு அளந்தால் மேடு போய்விடும். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது: "நான் தடவினதுல சரியாயிடுச்சு."

திரைக் கட்சி உங்கள் வயதுக்காரர்களுடையது. பரப்பை அளந்ததும் கம்ப்யூட்டர் திரையில் ஒரு வண்ணப் படம் வரும். சிவப்பு என்றால் மேடு, நீலம் என்றால் பள்ளம். அந்தப் படத்தை செல்போனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோலம் போட்டவள்கூட அப்படிப் பெருமைப்படமாட்டாள். அவளாவது தன் கையால் போட்டாள்.

அந்தப் படத்தை வைத்துத்தான் இப்போது மெஷின் தேய்க்கிறது. லேசர் வைத்து வயலை மட்டப்படுத்தும் டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். மேட்டில் மண்ணை வழித்து, மட்டமான இடத்தில் சும்மா போகும். நம் மெஷினும் அந்த யோசனைதான். அதன் கை நுனியில் பந்து போல உப்பிய ஒரு ரப்பர் தலை. அதன் மேல் ஒரு மெல்லிய தோலை ஒட்டுகிறோம். அந்தத் தோல்தான் கண்ணாடியைத் தொடுகிறது. படத்தில் சிவப்பான இடத்தில் தலை அதிக நேரம் நிற்கும். மற்ற இடத்தில் சீக்கிரம் கடந்துவிடும். ஆனால் டிராக்டர்காரர் ஓரத்தில் வழித்த மண்ணைப் பள்ளத்தில் தள்ளி நிரப்பலாம். நமக்கு அது கிடையாது. கண்ணாடியிலிருந்து எடுக்கத்தான் முடியும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில், சுற்றி என்ன இருக்கிறது என்று பார்ப்பவர் யாரும் இல்லாமல் போனதுதான் நம் பட்டறையின் வியாதி. பக்கத்து ரைஸ்மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். புது மெஷின் வந்த புதிதில், அறுவடை சமயத்தில், அளக்கும் கருவியில் பரப்பைக் காட்டும் கோடுகள் ஆட ஆரம்பித்தன. வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். ஸ்பிரிங் வைத்த மேஜை வாங்கச் சொன்னார். வாங்கினோம். கோடுகள் அதற்குப் பிறகும் ஆடின, கொஞ்சம் ஒய்யாரமாக. கடைசியில் முதலாளியே மில்காரரிடம் போனார். நானும் கூட நின்றேன்.

"பகல்ல கொஞ்ச நேரம் மில்லை நிறுத்தி வைக்க முடியுமாங்க? எங்க கண்ணாடி நடுங்குது" என்றார் முதலாளி.

மில்காரர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "கண்ணாடிதானே நடுங்குது? நெல்லை ஈரத்தோட போட்டுட்டு நான் மில்லை நிறுத்தினா, திருத்துறைப்பூண்டியிலேருந்து வந்து நிக்கிற லாரிக்காரன் என்னையே நடுங்க வச்சிருவான். நாங்க சாப்பிடப் போறப்ப மில்லு நிக்கும். அப்ப அளந்துக்கங்க."

அன்றிலிருந்து அவர்கள் சாப்பிடும் நேரத்தில் நாம் அளக்கிறோம். ஸ்பிரிங் மேஜையின் மேல் இப்போது டிபன் கேரியர்கள் இருக்கின்றன. கூடத்து ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்திருந்தால் போதும். எட்டிப் பார்க்க நிபுணர் வேண்டியதில்லை என்பதால் யாரும் பார்க்கவில்லை.

சரி, இப்போது ரிமோட் விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மலை மேல் இருக்கும் ஒரு வானாய்வுக் கூடத்துக்கு, நட்சத்திரம் பார்க்கிற தொலைநோக்கிக்காக, ஒரு குழி ஆடி செய்துகொண்டிருந்தோம். முறத்தைவிடப் பெரியது, பலகை மாதிரி தடிமன். சூட்டுக்கு அசையாத கண்ணாடி என்று ஒன்று உண்டு. அது விலை அதிகம் என்று அவர்கள் சாதாரண வகையைத்தான் அனுப்பியிருந்தார்கள். அந்த ஒன்றுதான். மாற்று இல்லை. பல மாத வேலை முடிந்து, ஓரத்தில் மட்டும் மெல்லிய வரப்பு மாதிரி ஒரு மேடு மிச்சம் இருந்தது. கடைசியாக ஒரு ஓட்டம் ஓட்டினால் முடிந்தது.

அளக்கும் வேலைக்கு அப்போதுதான் ஜரீனா சேர்ந்திருந்தார். நாகூர்ப் பெண், இன்ஜினீயரிங் படித்தவர். இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. வீட்டில் அவர் சம்பளத்தை நம்பித்தான் தம்பியைக் கல்லூரியில் சேர்த்திருந்தார்கள். அதை அவராகச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒன்றாக வரும்போது தம்பியிடம் போனில் பேசியதை நானே கேட்டது. மெஷினை ஓட்டுவது என் வேலை, அளந்து சொல்வது அவர் வேலை. அவர் அளந்து தராமல் நான் பட்டனைத் தொடமாட்டேன். அதுதான் ஒழுங்கு.

அந்தச் சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. வழக்கமாக மெஷின்கள் இருக்கும் கூடத்தில்தான் பூஜை போடுவோம். அந்த வருடம் முதலாளிக்கு ஒரு யோசனை. "பெரிய கண்ணாடி எங்க இருக்கோ அங்கதான் பூஜை" என்றுவிட்டார். ஆடி இருந்தது அளக்கும் அறையில். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. எந்நேரமும் ஏசி ஓடி, சூடு ஒரே அளவில் இருக்க வேண்டிய அறை. அதற்குள் பட்டறையில் இருந்த அத்தனை பேரும் அவரவர் குடும்பத்தோடு புகுந்தோம். குத்துவிளக்கு வைத்தார்கள். சாம்பிராணி போட்டார்கள். குருக்கள் கற்பூரம் ஏற்றினார், அணைந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி அணைந்தது.

"அந்தக் காத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கோ. கற்பூரம் நிக்க மாட்டேங்கறது" என்றார் குருக்கள்.

முதலாளி ரிமோட்டை எடுத்து ஏசியை நிறுத்தினார். நிறுத்திவிட்டுக் கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தார். "இதுவும் ஆயுதம்தானே" என்று சொல்லி, வாழை இலையில் ஸ்பேனர், கத்தரிக்கோல் வரிசையில் அதையும் வைத்துவிட்டார். குருக்கள் அதற்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். அதே கையோடு ஆடியின் பக்கம் திரும்பி, சந்தனக் கையைப் பளபளவென்று இருந்த பரப்பை நோக்கி நீட்டினார்.

"அய்யா, வேணாம்!" என்று ஜரீனா கத்திய கத்தலில் மணியடித்துக்கொண்டிருந்தவர் மணியை நிறுத்திவிட்டார். குருக்கள் கை அப்படியே நின்றது. பாவம், ஆடி உட்கார்ந்திருந்த மரச்சட்டத்தில் பொட்டு வைத்துவிட்டுப் போனார். அந்தச் சந்தனம் பரப்பில் பட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

தீபாராதனை முடிந்தது. சுண்டல் வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள். ஜரீனா சுண்டல் பொட்டலத்தோடு முதலாளியிடம் வந்தார்.

"சார், ஏசி போட்டுடலாமா?"

"ரிமோட் பூஜையில இருக்கும்மா. இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்குக் காலையில எடுத்துட்டாப் போச்சு."

"கண்ணாடி சூடாயிடும் சார்."

"சூடானா ஆறிடும். டீ ஆறலையா?"

ஜரீனா என்னைப் பார்த்தார். மற்றவர்கள் பூஜையில் வைத்த பொருளை எடுங்கள் என்று இரண்டாம் தடவை சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. எனக்கு முதல் தடவையே வரவில்லை. விளக்கு அணையக் கூடாது என்று அதையும் எரியவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். மூடிய அறை, எரியும் விளக்கு, ஐப்பசி பிறக்காத வெயில். உள்ளே கண்ணாடி மெல்ல மெல்லச் சூட்டைக் குடித்துக்கொண்டிருந்தது. டீ ஆறுகிற மாதிரி கண்ணாடி ஆறாது. ஆறுவதற்கு டீக்கு டம்ளர் இருக்கிறது, ஆற்றுகிற ஆள் இருக்கிறார்.

மறுநாள் விஜயதசமி. முதலாளி பட்டு வேட்டியில் வந்தார். ரிமோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏசியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் சுவரில் இருக்கும் சூடு காட்டும் கருவி சரியான எண்ணைக் காட்டியது. ஜரீனா ஆடியை அளந்தார். திரையில் நடுவில் சிவப்பாக ஒரு மேடு. பூஜைக்கு முந்தின நாள் ஓரத்தில் இருந்த அந்த மெல்லிய வரப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லாத கண்ணாடி அது.

"சரி, நடுவுல கொஞ்சம் இருக்கு. அதையும் சேத்து எடுத்துடலாம்" என்றார் முதலாளி. "நல்ல நேரம் முடியறதுக்குள்ள மெஷினைப் போடுங்க. இன்னிக்கு ஆரம்பிச்சா ஜெயம். நாளைக்கு அவங்க மலையிலேருந்து வர்றாங்க. முடிச்சு வச்சிருக்கேன்னு சொல்லியிருக்கேன்."

"சார், நேத்து முந்தாநாள் இல்லாத மேடு இது. கண்ணாடி வளராது சார்" என்றார் ஜரீனா. "இன்னும் சூடு ஆறலை. அதான் நடுவுல உப்பியிருக்கு."

மாஸ்டர் ஆடியின் பின்பக்கம் போய்க் கையை வைத்தார். "ஐஸ் மாதிரி இருக்கு. எனக்குத் தெரியாத சூடா?"

"வெளியில ஆறியிருக்கு மாஸ்டர். பானைச் சோறு மேல ஆறியிருக்கும், நடுவுல கை விட்டா சுடும்ல? அந்த மாதிரி. இருங்க, இன்னொரு தடவை அளக்கறேன்."

அளந்தார். மேடு முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. "பாருங்க சார், தானா குறையுது. நெஜ மேடுன்னா தானாக் குறையுமா?"

"குறையுதுன்னா நல்லதுதானே? மிச்சத்தை மெஷின் பாத்துக்கட்டும்."

எனக்கு அப்போது சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. இல்லாத மேட்டை மெஷின் எடுத்தால், கண்ணாடி ஆறியதும் அந்த இடம் பள்ளமாகிவிடும். அந்தப் பள்ளத்தின் அடிவரைக்கும் மற்ற பரப்பு முழுவதையும் இறக்க வேண்டும். மறுபடி பல மாதம். மெஷின் அதைத் தப்பாகச் செய்யாது. சொன்னதை மயிரிழை பிசகாமல் செய்து முடிக்கும். அதுதான் அதன் திறமை, அதுதான் ஆபத்தும். பழியும் மெஷின் மேல் விழாது. அளந்த படம் யாருடையது என்று பார்ப்பார்கள். ஜரீனாவுடையது.

"நாளைக்குக் காலை வரைக்கும் விடுங்க சார். அப்ப அளந்துட்டு ஓட்டலாம்" என்றார் ஜரீனா.

"நாளைக்கு அவங்க வந்து நிக்கும்போது ஓட்டிக்கிட்டு இருக்கணுமா? மெஷினே சிவப்பு காட்டுது, படிச்ச நீங்க மெஷினை நம்ப மாட்டேங்கறீங்க. நீங்க இன்னும் கன்ஃபர்ம் ஆகலைங்கறது ஞாபகம் இருக்கட்டும்."

ஜரீனா முகம் வெளுத்துப்போயிற்று. துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பணிந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் பணிந்திருப்பேன். "ஆகலைன்னா பரவாயில்ல சார்" என்றார்.  "இந்தப் படத்தை வச்சு ஓட்டலாம்னு நான் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல வேணாம். வசந்தா போடுவாங்க. என்ன வசந்தா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இத்தனை வருடத்தில் முதலாளி சொன்னதை நான் மறுத்ததில்லை. மரியாதையால் இல்லை, வாய் வராததால். அன்றும் வரவில்லை. வாதம் செய்யத் தெரிந்திருந்தால், ஜரீனா சொன்னதையே நானும் சொல்லி, நானும் திட்டு வாங்கியிருப்பேன். மெஷின் ஓடியிருக்கும்.

நான் நேராகக் கூடத்தில் இருந்த மெஷினிடம் போனேன்; மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். முதலாளிக்குத் திருப்தி. தலையைப் பூட்டிலிருந்து விடுவித்தேன். காற்றை இறக்கினேன். தோலின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பாக இழுத்தேன். பிளாஸ்திரி பிய்க்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"என்னம்மா பண்றீங்க?" என்று கத்தினார் முதலாளி.

"தோல் தேஞ்சிருக்கு சார்."

"இப்பவா?"

"தேஞ்ச தோலோட ஓட்டினா கோடு விழும் சார்."

முதலாளி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டருக்குத் தர்மசங்கடம். தோல்தான் எல்லாம், தோலைப் பற்றித் தெரியாதவன் தொழில்காரனே இல்லை என்று காலம் முழுக்கப் பேசியவர் அவர். என் கையில் தொங்கிய தோலை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். "ஆமா, போயிடுச்சு" என்றார். "நானே சொல்லணும்னு இருந்தேன்."

புதுத் தோல் ஒட்ட வேண்டும். பசை காய வேண்டும். காய்ந்த பிறகு அதைச் சுற்றிவிட்டு உருண்டை சரியா என்று பார்த்துச் சீவ வேண்டும். சாயங்காலம் ஆகிவிடும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க" என்றார். "கண்ணாடி இல்லாம மெஷினை மட்டும் ஒரு தடவை ஓட விடுங்க. ஆரம்பிச்ச கணக்கு ஆயிடும்."

அப்படியே செய்தேன். தோல் இல்லாத தலை, கண்ணாடி இல்லாத மேடையின் மேல், வெறும் காற்றைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தது. எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். நான் வேலை செய்த காலத்தில் பிசகே இல்லாமல் ஓடிய ஓட்டம் அதுதான்.

மறுநாள் காலை ஜரீனா அளந்தார். நடுவில் இருந்த சிவப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. ஓரத்தில் அந்த மெல்லிய வரப்பு மட்டும், பூஜைக்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியே. ஜரீனா திரையை முதலாளி பக்கம் திருப்பி வைத்தார். முதலாளி குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே, ஆறிடும்னு" என்றார்.

மலையிலிருந்து வந்தவர்கள் முன்னாலேயே கடைசி ஓட்டம் ஓடியது. அவர்களுக்கு அதைக் கண்ணால் பார்த்ததில் சந்தோஷம். ஏன் முடித்து வைக்கவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முதலாளி பயந்த பயம் அவ்வளவுதான். அவர்களில் வயதானவர் ஒருவர், அளந்த படங்களில் இருந்த தேதிகளைப் பார்த்துவிட்டு, "அளந்து ஓட்டறதுக்கு முன்னாடி ஏன் ஒரு நாள் சும்மா விட்டீங்க?" என்று கேட்டார். முதலாளி ஒரு முடியைப் பிடுங்க வசதியாக நின்றுகொண்டிருந்த மாஸ்டரைக் காட்டினார். "இவரு கட்டைவிரலை வச்சே உள்ள இருக்குற சூட்டைச் சொல்லிடுவாரு சார்." மாஸ்டர் விரலை நீட்டினார். அவர்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஜரீனா என் காதருகில் வந்து, "அக்கா, சிரிச்சுடாதீங்க, நானும் சிரிச்சுடுவேன்" என்றார்.

மாதம் முடிவதற்குள் ஜரீனாவின் வேலை நிரந்தரமானது. ஆடியை எடுத்துக்கொண்டவர்கள், அளந்த பெண்ணை முதலாளியிடம் பாராட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் பாராட்டினால்தான் நம் ஆட்கள் நம் கண்ணுக்குத் தெரிவார்கள். இன்று உங்களைக் காலணி மாற்றாமல் உள்ளே விடாத, விரல் நுனியைப் பார்த்து முறைக்கிற மேடம் அவர்தான். அளக்கும் அறையில் ஏசி ரிமோட்டைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறதே, அது திருட்டுப் பயம் என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. எந்தத் திருடன் ரிமோட்டை மட்டும் எடுத்துப் போவான்? ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இலையில் வைக்க, பேட்டரி இல்லாத பழைய ரிமோட் ஒன்றை ஜரீனாவே எடுத்துக் கொடுக்கிறார். சாமிக்கும் குறையில்லை, கண்ணாடிக்கும் குறையில்லை. பூஜையில் எந்தத் தப்பும் கிடையாது. கண்ணாடி வேலை செய்கிறவர்கள் கண்ணாடி என்றால் என்ன என்று ஒரு நாளைக்கு மறந்துபோனதுதான் தப்பு.

இனி வரப்போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருடம் மெஷின் விற்க ஒருவர் வந்தார். டை கட்டியிருந்தார், வேர்த்துக்கொண்டிருந்தது. காந்தம் பக்கத்தில் வந்தால் களி போல இறுகும் ஒரு திரவத்தைக் காட்டினார். அதைச் சக்கரத்தில் ஓடவிட்டு அந்தக் களியாலேயே கண்ணாடியைத் தேய்க்கலாமாம். தோலே வேண்டாம். இன்னொன்று, காற்றை உறிஞ்சிவிட்ட பெட்டிக்குள் கண்ணாடியை வைத்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களால் சுட்டுச் சுட்டு, அணு அணுவாகக் கொறிப்பது. இதெல்லாம் வெளியே பல இடங்களில் நடந்துகொண்டிருப்பதுதான். அடுத்து, தேய்க்கிற மெஷினே தேய்த்துக்கொண்டே அளந்து, தானே முடிவெடுத்து, தானே நிறுத்தும் என்றார். "இனிமே மனுஷத் தப்புக்கு எடமே இல்ல மேடம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நல்ல மெஷின்கள்தான். வரட்டும். கீல் தட்டில் குனிந்து குனிந்துதான் என் கழுத்து போனது. அது போய்விட்டதே என்று நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவர் கழுத்தைப் பாருங்கள். நேராக இருந்தால் அவர் பொய் சொல்கிறார். அந்த விற்பனைக்காரரிடம் எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது. தானே முடிவெடுக்கிற அந்த மெஷின் இருக்கும் அறையின் ரிமோட் யாரிடம் இருக்கும்? கேட்கவில்லை. வழக்கம் போல வாய் வரவில்லை. மெஷின் எவ்வளவு நுணுக்கமாகிறதோ, அதன் முன்னால் நடக்கும் முட்டாள்தனத்தையும் அவ்வளவு நுணுக்கமாகக் கண்ணாடியில் செதுக்கித் தரும். மேடு எங்கே என்று அது சொல்லும். அந்த மேடு நேற்று இருந்ததா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். ஜரீனா மாதிரி வாயால் சொல்லத் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் கையை எங்கே வைப்பது என்று யோசியுங்கள்.

அன்று நான் பிய்த்த தோலைப் பற்றி ஜரீனா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அதை நான் குப்பையில் போடவில்லை. ஈரத்துணியில் சுற்றி என் டிராயரில் வைத்திருந்தேன். பெரிய ஆடி மலைக்குப் போன அடுத்த வாரம், சின்ன லென்ஸ் வேலை வந்தது. புதுத் தோலை அதற்குக் கெடுப்பானேன் என்று கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பழைய தோலையே ஒட்டி உருண்டை பார்த்து மாட்டினேன். மாஸ்டர் அந்தப் பக்கம் வந்தார். தலையைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா வசந்தா? புதுத் தோல்னா புதுத் தோல்தான்."

கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்த ஜரீனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா மாஸ்டர், நல்ல தோல்" என்றார்.

அந்தத் தோல் பொங்கல் வரைக்கும் ஓடியது.